சிக்கலுக்குப் பப்பாளி

போன வாரம் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன்.

என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வசந்தா அவள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எல்.ஆர்.டி. ரயில் பாதை வேலைக்காக எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதும் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, அதையெல்லாம் தாண்டி, வேலை முடிந்த கையோடு, செருப்பில் சேற்றோடு படியேறி வந்திருந்தாள்.

“அங்கிள், எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். உடம்பு குறைய வயித்தைச் சின்னதாக்குவாங்களாம். டாக்டர் இங்கிலீஷ்லயே பேசுறாரு, எனக்குப் பாதிதான் புரியுது. அவருக்கு அதுவும் இல்ல. வர்ற வியாழக்கிழமை நீங்க கூட வந்து தமிழ்ல சொல்லணும்.”

“வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கும்மா” என்றேன்.

பணி ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷமான மனிதனுக்கு வியாழக்கிழமை என்ன வேலை? அந்தப் பெண் நம்பிவிட்டுப் போனாள். என் மனைவி கமலா நம்பவில்லை.

“வியாழக்கிழமை என்ன வேலை? நகம் வெட்டப் போறீங்களா?”

நான் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று அவள்தான் சொன்னாள்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் பூர்வீகம் தெரியும். முப்பத்தோரு வருஷம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். சாட்சி தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், நீதிபதி சொல்வதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இதைப் பற்றி இங்கே எத்தனை முறை பெருமையடித்திருக்கிறேன்... “கை வைத்தேன்” என்று ஒரு சாட்சி சொன்ன கதையை இரண்டு முறை எழுதிவிட்டேன். தொட்டேன் என்கிறாரா, அடித்தேன் என்கிறாரா, திருடினேன் என்கிறாரா? நான் வழக்கையே நிறுத்தி, நீதிபதியிடம் அனுமதி வாங்கி, சாட்சியிடம் விளக்கம் கேட்ட பிறகுதான் மொழிபெயர்த்தேன். மூன்றாவது முறையும் எழுதியிருப்பேன். ஆசிரியர்தான் போதும் என்றார்.

எழுதாமல் விட்ட கதை ஒன்று உண்டு. அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் மச்சினன் கோவிந்தராஜு. கமலாவின் தம்பி. கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் எவ்வளவு எடை என்று யாருக்கும் தெரியாது. கிளினிக்கில் இருந்த மெஷினில் ஏறினால் முள் கடைசி எண்ணைத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் அவனுக்கு வெங்காயம் சப்ளை செய்யும் சீனருடைய கிடங்கில், மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தோம். இரண்டு மூட்டை வெங்காயமும் மேற்கொண்டு ஒரு பலாப்பழமும். பலாப்பழம் என் கணக்கு இல்லை, அந்தச் சீனர் சொன்னது.

கல்லாவில் உட்கார்ந்தால் வயிற்றை மேசை டிராயர்மேல் வைத்துக்கொள்வான். சில்லறை எடுக்க வேண்டுமென்றால் முதலில் வயிற்றைத் தூக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு அதில் ஒரு நம்பிக்கை. முதலாளியே இப்படி இருந்தால் கடைச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று.

ஆனால் முட்டி இரண்டும் போய்விட்டன. சர்க்கரை ஏறியது. படுத்தால் மூச்சு முட்டி, நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினான். அவன் மனைவி சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து, குறட்டை நின்றால் உலுக்குவாள். குறட்டை விட்டால் உலுக்கும் மனைவிகளைப் பார்த்திருக்கிறேன். நின்றால் உலுக்கியவள் அவள் ஒருத்திதான்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் மருத்துவமனையில், லண்டனில் படித்துவிட்டு வந்த சீன டாக்டர் ஒருவர் இந்த ஆபரேஷனைச் செய்கிறார் என்று கேள்விப்பட்டுக் கமலா பிடித்துக்கொண்டாள். இரைப்பையின் மேல்பகுதியில் ஸ்டேப்பிள் அடித்து ஒரு சின்னப் பையாக்கிவிடுவார்கள். ஒரு தேநீர்க் கிண்ணம் அளவுக்குமேல் சாப்பிட முடியாது. அந்த டாக்டருடைய மலாய், ராஜுவின் ஆங்கிலத்தைப் போல. இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மொழிபெயர்க்க நான் போனேன்.

“தம்பி கையெழுத்துப் போடாம வீட்டுக்கு வந்துராதீங்க” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாள் கமலா.

டாக்டர் நல்ல மனிதர். ஒன்றையும் மறைக்கவில்லை. ஸ்டேப்பிள் அடித்த இடம் கசியலாம். கசிந்தால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். பையின் வாய் சுருங்கி, குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வரலாம். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். சிலர்... சிலர் பிழைப்பதில்லை. எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, “இவைதான் காம்ப்ளிகேஷன்ஸ். அவருக்குச் சொல்லுங்கள்” என்றார்.

காம்ப்ளிகேஷன் என்பதற்கு நீதிமன்றத்தில் நான் எப்போதும் போடும் சொல் ‘சிக்கல்’. முதலில் தலைப்பைச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன்.

“ராஜு, ஆபரேஷனுக்கு அப்புறம் சிக்கல் வரலாம்னு சொல்றாரு.”

ராஜு என்னைப் பார்த்தான். டாக்டரைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“சிக்கலா? அவ்வளவுதானா மாமா? அது இப்பவே இருக்குலா. கடைக்குப் பின்னாடி பப்பாளி மரம் நிக்குது. படுக்கும்போது ரெண்டு துண்டு போட்டா, காலையில கிளியர்.”

நீதிமன்றத்தில் எத்தனையோ பேரிடம் இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். வழக்கில் சிக்கல், பத்திரத்தில் சிக்கல், வாரிசுரிமையில் சிக்கல். யாரும் பப்பாளி தேடிப் போனதில்லை.

ராஜு சிரித்ததில் நாற்காலி முனகியது. நோயாளி சிரிப்பதைப் பார்த்து டாக்டரும் புன்னகைத்தார்.

“என்ன சொல்கிறார்?”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “எல்லாவற்றுக்கும் தயாராக இருக்கிறாராம், டாக்டர்.”

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது மூன்று வினாடி வேலை. ‘அந்தச் சிக்கல் இல்லடா’ என்று சொல்வது. ஏன் சொல்லவில்லை? கமலா வாசலில் சொன்னது காரணம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விஷயம் தெரிந்தால் ராஜு ஓடிவிடுவான், ஆபரேஷன் நின்றுபோகும், அவன் நன்மைக்காகத்தான் விட்டேன் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை அதைவிடச் சின்னது. முப்பத்தோரு வருஷம் சொல் தவறாதவன் என்று பெயர் வாங்கியவன், ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன் முன்னால், ‘தப்பான வார்த்தை போட்டுட்டேன்’ என்று சொல்ல வெட்கப்பட்டேன். அவ்வளவுதான்.

படிவத்தில் ராஜு கையெழுத்துப் போட்டான். அதற்குக் கீழே ‘மொழிபெயர்த்தவர்’ என்று ஒரு கோடு. அதில் நான் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, எந்தெந்த அறிகுறி வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதையாவது ஒழுங்காகச் சொன்னேனா? “இதைப் பத்திரமா வச்சுக்க” என்று அவன் வீட்டு ஐஸ்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். முழுக்க ஆங்கிலம். அதைப் படித்திருக்கக்கூடியது, உள்ளே இருந்த இட்லி மாவு மட்டும்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பாஷை ஓடாது.

முதல் வாரம் ஒரே வேடிக்கை. இரண்டு கோழியை ஒரே மூச்சில் முடிப்பவன், சீனக் கோப்பையில் ரசத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உறிஞ்சினான். பார்க்க வந்தவர்களெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்து, அவன் குடிப்பதைப் பார்த்துவிட்டு, பாட்டிலைத் திரும்ப எடுத்துப் போகலாமா என்று யோசித்தார்கள்.

பத்தாவது நாள் காலையில் சரோஜா ஃபோன் செய்தாள்.

“அண்ணே, மூணு நாளா இவருக்கு வயிறு கல்லு மாதிரி இருக்குது. இடது தோளு வேற வலிக்குதாம். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா கேக்க மாட்றாரு.”

“ஏன் கேக்க மாட்டேங்கிறான்?”

“டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாராம், சிக்கல் வரும்னு. ‘மாமாவே சொன்னாரு, பயப்பட ஒண்ணும் இல்ல’ங்கிறாரு. மூணு நாளா பப்பாளி முழுங்குறாரு. முழுங்கி முழுங்கி வாந்தி எடுக்குறாரு. இப்ப உடம்பு நெருப்பாக் கொதிக்குது... அண்ணே? லைன்ல இருக்கீங்களா?”

இருந்தேன்.

“இப்பவே கிளம்பு. எப்படியாச்சும் பெட்டாலிங் ஜெயாவுக்குக் கொண்டு வந்துரு” என்றேன்.

காரில் அவன் நுழைய மாட்டான். கடை வேனில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். நான் முன்னாலேயே போய் வாசலில் நின்றேன். ஸ்ட்ரெச்சரில் மாற்ற ஆறு பேர். அவன் கண்ணைத் திறந்து, “மாமா, பப்பாளி சரியா பழுக்கலன்னு நினைக்கிறேன்” என்றான்.

ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகும் முன் டாக்டர் குனிந்து அவனிடமே கேட்டார். மூன்று நாள் ஏன் வரவில்லை? இதெல்லாம் வரலாம் என்று சொன்னேனே? என்னைப் பார்த்தார். நான் தமிழில் கேட்டேன்.

“சிக்கலுக்குப் பப்பாளி சாப்பிட்டேன்னு சொல்லுங்க மாமா” என்று முனகினான்.

நான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: “வலி தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துவிட்டாராம்.”

பக்கத்தில் ஒரு மிஸ்ஸி நின்றுகொண்டிருந்தாள். மற்ற ஊர்க்காரர்கள் நர்ஸ் என்பார்கள். சட்டையில் பெயர்ப் பட்டை. தமிழ்ப் பெயர். சலைன் பாட்டிலைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல், தணிந்த குரலில் தமிழில் சொன்னாள்.

“அங்கிள், அவரு பப்பாளின்னுல்ல சொன்னாரு?”

எத்தனை வழக்கறிஞர்கள் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய முயன்றிருக்கிறார்கள் தெரியுமா? யாராலும் முடியவில்லை. இந்தப் பெண் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

ராஜுவை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிக்கல் என்றால் என்ன, இன்னொரு சிக்கல் என்றால் என்ன, பப்பாளி எதற்கு என்று. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏழு வருஷம் இதைச் சுமந்திருக்க மாட்டேன். ஒன்றுதான் கேட்டார்.

“உங்கள் மொழியில் அதற்கு வேறு சொல்லே இல்லையா?”

“நிறைய இருக்கிறது, டாக்டர்” என்றேன்.

கசிந்துதான் இருந்தது. சீழ் கட்டியிருந்தது. நான்கு மணி நேரம் ஆயிற்று. சரோஜா பெஞ்சில் உட்கார்ந்து, அவனுடைய ரப்பர் செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு விஷயம் புரிந்தது. உள்ளே இருப்பவன் செத்துப்போனால், எதில் கையெழுத்துப் போட்டோம் என்று தெரியாமலேயே செத்துப்போவான்.

பிழைத்தான். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தான்.

இனிமேல்தான் வெட்கக்கேடு. டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொள்வார் என்றதும், சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க மட்டும் அன்னிக்கு உடனே கிளம்புன்னு சொல்லலன்னா என்ன ஆயிருக்கும்ண்ணே?”

அப்போதாவது சொன்னேனா? கையை அவளிடம் கொடுத்துவிட்டு நின்றேன்.

குடும்பத்தில் கதை அப்படியே நிலைத்துவிட்டது. மாமாதான் காப்பாற்றினார். கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிச் சொல்வார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன். ராஜுவின் கடைக்கு எப்போது போனாலும் என் இலையில் பொரித்த மீன் ஒன்று அதிகம். வேண்டாம் என்றால், “உயிரைக் காப்பாத்துனவருக்கு ஒரு மீனா பெரிசு?” என்பான். ஏழு வருஷம் அந்த மீனைச் சாப்பிட்டேன். முள் தொண்டையில் குத்தியதே இல்லை. நல்ல மீன்.

ராஜு பாதியாக இளைத்தான். முடி கொட்டியது. இட்லியைக் கொஞ்சம் வேகமாக விழுங்கினால், எழுந்து பின்பக்கம் ஓட வேண்டும். முதலாளி வாந்தி எடுப்பதை வாடிக்கையாளர் பார்த்தால் கடை என்ன ஆகும்? வியாபாரம் படுத்தது. கடைச் சாப்பாட்டை அவரே தொடுவதில்லையாம் என்று ஒரு பேச்சு. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. பழைய போட்டோவைப் பெரிதாக்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டிய பிறகுதான் கூட்டம் திரும்பியது.

மூன்றாவது வருஷம் அவன் ஒரு கண்டுபிடிப்புச் செய்தான். சோறுதான் உள்ளே போகாது. கட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தேத்தாரே டீ, மைலோ, ஐஸ்கிரீம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டேப்பிளுக்கு ஐஸ்கிரீம் எதிரி என்று தெரியாது போலிருக்கிறது. இன்றைக்கு ஒரு மூட்டையும் கால் மூட்டையும் இருக்கிறான். ஆனால் படுத்துத் தூங்குகிறான். சரோஜாவும் தூங்குகிறாள். ஆபரேஷனைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இப்போது தெரிகிறதா, வசந்தாவிடம் ஏன் பொய் சொன்னேன் என்று? ஆனால் அன்று படுத்த பிறகு ஒன்று தோன்றியது. நான் போகாவிட்டால் அவள் இன்னொருவரைக் கூட்டிப் போவாள். அவரும் ‘சிக்கல்’ என்று ஆரம்பித்தால்?

செவ்வாய்க்கிழமை கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. ராஜு கல்லாவில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். சிக்கலிலிருந்து மிஸ்ஸி வரை, ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல். நீதிமன்றத்தில் பேசியது போலவே பேசினேன் என்று நினைக்கிறேன். வேறு மாதிரிப் பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“அப்ப பப்பாளி மேல தப்பில்லையா?”

“இல்ல.”

“பாவம். மரத்தையே வெட்டிப் போட்டேன் மாமா. சரியா பழுக்காததுனாலதான் இப்படி ஆச்சுன்னு.”

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. டிராயரைத் திறந்தான், மூடினான்.

“செத்துப்போவலாம்னும் சொன்னாரா அந்த டாக்டர்?”

“சொன்னாரு.”

“நீங்க சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் மாமா. படுத்துத் தூங்கணும்னு அவ்வளவு ஆசை எனக்கு.” மைலோ டம்ளரை ஓரமாக நகர்த்தினான். “ஆனா சரோஜாகிட்ட சொல்லிட்டுப் போட்டிருப்பேன். முத ஆபரேஷனுக்கு உள்ள போறப்ப, கடை சாம்பார்ல உப்பு பாருன்னு சொல்லிட்டுப் போனேன் அவகிட்ட. அதுவே கடைசிப் பேச்சா போயிருக்கும்லா.”

சரோஜாவைக் கூப்பிட்டு நானே சொன்னேன். அவள் நின்றுகொண்டே முழுக்கக் கேட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் விழும் சத்தம் மட்டும் கேட்டது. வழக்கத்தைவிடச் சத்தமாக.

எனக்கு வேலை ஒன்றும் இல்லை என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை அவளோடும் அவள் வீட்டுக்காரரோடும் போனேன். லோரி ஓட்டுபவர். நல்ல ஆகிருதி. டாக்டர் பத்து நிமிஷத்தில் சொன்னதைச் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ‘சிக்கல்’ என்ற சொல்லை நான் வாயிலேயே எடுக்கவில்லை. கசியலாம் என்றேன். சீழ் பிடிக்கலாம் என்றேன். செத்தும் போகலாம் என்றேன். தோள் வலித்தால் லோரியைப் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும் என்றேன். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னேன். வரிசையாகச் சொன்னார். கடைசியில் வசந்தாவைப் பார்த்து, “நீ என்ன சொல்ற?” என்றார். இருவரும் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டார்கள். டாக்டர் தலையை ஆட்டினார். படிவத்தில் என் கோடு காலியாகவே இருந்தது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை கமலா என்னைக் கிள்ளானுக்கு இழுத்துக்கொண்டு போனாள். விஷயம் தெரிந்ததிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறாள். போகாமல் இருந்தால் உறவே விட்டுப்போகும் என்று சொல்லிக் கூட்டிப் போனாள்.

இலை போட்டார்கள். சோறு வந்தது. கூட்டு வந்தது. அப்பளம் வந்தது. மீன் வரவில்லை. சரோஜா உள்ளேயிருந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல், ஒரு தட்டை ‘ணங்’கென்று வைத்துவிட்டுப் போனாள். தட்டு நிறையப் பப்பாளி, தோல் சீவி, துண்டு போட்டு.

கல்லாவிலிருந்து ராஜு குரல் கொடுத்தான். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி.

“சாப்பிடுங்க மாமா. சிக்கலுக்கு நல்லது.”

ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.